பார்ப்பவன் பங்கு

கடைத்தெருவில் பழகியவர்களுக்குப் புதிதல்லாத ஒரு கேள்வி இது. திருட்டுச் சரக்கை விற்றவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அறிந்தே அதை வாங்கியவனும் குற்றவாளியே என்று சட்டமும் சொல்கிறது, மார்க்கமும் சொல்கிறது. ஆனால் அந்தக் கடை வாசலில் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அதில் ஏதேனும் பங்கு உண்டா? அவர்கள் காசு கொடுக்கவில்லை, சரக்கைத் தொடவில்லை, நின்றார்கள், பார்த்தார்கள், போனார்கள். முன்பெல்லாம் அவர்களை யாரும் கேள்வி கேட்டதில்லை. இன்றோ, வேடிக்கை பார்ப்பதே விலை கொடுப்பதாகிவிட்ட ஒரு கடை நம் ஒவ்வொருவருடைய சட்டைப் பையிலும் திறந்திருக்கிறது. அதன் பெயர் டிக்டோக்.

சுங்கை வேயில் ஒரு மாலைப் பொழுதைக் கவனித்தால் போதும். தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வரும் வாலிபன் தே தாரேக்குக்குச் சொல்லிவிட்டு முதலில் திறப்பது அதைத்தான். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் கல்லாவில் இருக்கும் முதலாளியும் அதைத்தான் திறக்கிறார். இஷா தொழுகை முடிந்து வாசலில் கால் செருப்பைத் தேடும்போதே கை போனைத் தேடுகிறது. ஆகவே இதை வாலிபர்களின் கெட்ட பழக்கம் என்று சொல்லிப் பெரியவர்கள் ஒதுங்கிக் கொள்வதற்கில்லை.

சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் தோன்றிய பைட்டான்ஸ் என்னும் கம்பெனி 2016-ஆம் ஆண்டில் சீன மக்களுக்கென்று டௌயின் என்ற பெயரில் ஒரு செயலியை வெளியிட்டது. மறு ஆண்டு அதையே வெளிநாடுகளுக்கு டிக்டோக் என்ற பெயரில் கொண்டு வந்தது. மியூசிக்கலி என்ற மற்றொரு செயலியை விலைக்கு வாங்கி, 2018-இல் அதையும் இதனோடு சேர்த்துக் கொண்டது. சில விநாடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை ஓடும் துண்டுப் படங்கள். ஒன்று முடியுமுன் விரலைத் தள்ளினால் அடுத்தது. எதைப் பார்க்கலாம் என்று நாம் தேட வேண்டியதில்லை. அதுவே எடுத்துப் பரிமாறும். நல்லதும் அதில் உண்டு. சமையல் உண்டு, தொழில் கற்றுக் கொடுப்பவர் உண்டு, மார்க்க உரை உண்டு, வயிறு குலுங்கச் சிரிக்கத் தக்கதும் உண்டு. அதை மறுப்பது நம் நோக்கமல்ல.

நாம் கவனிக்க வேண்டியது 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கோலாலம்பூரில் நடந்தது. ராஜேஸ்வரி அப்பாவு என்ற தமிழ்ப் பெண்மணியை ஈஷா என்ற பெயரில் டிக்டோக்கில் பலர் அறிந்திருந்தனர். அவரைக் குறிவைத்து நேரலைகளில் சிலர் வசை பொழிந்தனர், மிரட்டினர். அவர் போலீசில் புகாரும் கொடுத்தார். ஜூலை 5-ஆம் தேதி அவர் உயிருடன் இல்லை. தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். ஒரு தாய் மகளை இழந்தார். மலேசியத் தமிழர் வீடுகளில் பல நாள் இதுவே பேச்சாக இருந்தது. மதம் எதுவானால் என்ன, அது பக்கத்து வீட்டு மரணம். நம் மொழியில் பேசிய நாவுகளால் நேர்ந்த மரணம். வைதவர்கள் தமிழில் வைதார்கள். கேட்டவர்களும் தமிழ் தெரிந்தவர்களே.

அதே மாதத்தில் ஒரு பெண் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார். குற்றத்தை ஒப்புக் கொண்டார். 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அந்தப் பிரிவில் அதிகபட்ச அபராதமே அவ்வளவுதான். நம் நாசி கண்டார் கடையில் ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தால் ஆகும் தொகை. நாடே கொதித்ததில் வியப்பில்லை. சட்டம் இயற்றப்பட்ட நாளில் வசை என்பது தெருமுனையில் நாலு பேர் காதில் விழும் பேச்சு. இன்று ஒருவர் வைதால் ஆயிரம் வீட்டுக் கூடத்தில் அது கேட்கிறது. தராசு பழையது, சரக்கு புதியது.

அரசு தராசை மாற்றியது. தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11 முதல் அமலுக்கு வந்தன. ஒருவரைத் துன்புறுத்தி, அதனால் அவர் உயிரை மாய்த்துக் கொள்ளத் தூண்டப்பட்டால் பத்தாண்டு வரை சிறை உண்டு என்று அவற்றில் ஒன்று சொல்கிறது. இந்நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் சமூக ஊடகங்கள் லைசென்சு எடுக்க வேண்டுமென்ற விதி 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி முதல் தேதி அமலாயிற்று. இவையெல்லாம் வேண்டியவையே.

என்றாலும் சட்டத்தின் கை இரண்டு பேர் மீதுதான் விழுகிறது: வைதவர் மீது, மேடை கொடுத்த கம்பெனி மீது. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்ததே! அந்த நேரலைகளை ஆள் இல்லாத மண்டபத்திலா நடத்தினார்கள்? இரவு வேளையில், படுக்கையில் சாய்ந்தபடி, “இன்றைக்கு என்ன சொல்லப் போகிறான் பார்ப்போம்” என்று திறந்து வைத்துக் கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பெரும்பாலோர் ஒரு சொல்லும் எழுதியிருக்க மாட்டார்கள். தங்கள் கை சுத்தம் என்றே நினைத்திருப்பார்கள். அவர்கள் கை சுத்தம்தானா என்பதே நம் கேள்வி.

இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. 1111-ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் நாவினால் வரும் கேடுகளை விரிவாக ஆராய்கிறார்கள். புறம்பேசுதலைப் பற்றிச் சொல்லும்போது, பேசுபவனோடு அவர்கள் நிற்பதில்லை; கேட்பவனிடமும் வருகிறார்கள். கேட்பவனும் அதில் பங்காளி என்பது அவர்கள் கருத்து. “அப்படியா, எனக்குத் தெரியாதே!” என்று வியப்புக் காட்டிக் கேட்கிறானே, அவன் பேசுபவனுக்கு உற்சாகமூட்டுகிறான், அந்த வியப்பே மேலும் பேச வைக்கிறது என்று அவர்கள் கண்டு சொன்னார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இந்தக் கருத்தைப் படிக்கும்போது, டிக்டோக்கின் உள் யந்திரத்தைக் கழற்றிப் பார்த்தவர் எழுதியது போல் இருக்கிறது.

அந்த யந்திரம் வேறென்ன செய்கிறது? நாம் எந்தப் படத்தில் எத்தனை விநாடி நின்றோம், எதை இரண்டாம் முறை பார்த்தோம், எதை நண்பனுக்கு அனுப்பினோம் என்று கணக்கெழுதுகிறது. நின்றவர்கள் அதிகமானால் அந்தப் படத்தை மேலும் பலருக்குக் காட்டுகிறது. நம் கண் அங்கே தங்குவதுதான் அந்த வியப்பு. வாய் திறந்து “அப்படியா” என்று சொல்ல வேண்டியதில்லை. பத்து விநாடி விரலை அசைக்காமல் இருந்தால் போதும், “அப்படியா” என்று பேரேட்டில் பதிவாகிவிடுகிறது. அக்காலத்தில் திண்ணையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவன் ஒருவேளை நடுநிலையாளன் என்று வாதிடலாம். இங்கே மௌனத்துக்கும் மதிப்புண்டு. அதை எடுத்து வைதவனுடைய வரவில் எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பது அமெரிக்காவில் வெளிப்பட்டது. 2024 அக்டோபரில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் டிக்டோக்மீது வழக்குத் தொடுத்தன. கெண்டக்கி மாநிலத்து வழக்குத் தஸ்தாவேஜுகளில் மறைத்திருந்த பகுதிகள் தவறிப்போய் வானொலிச் செய்தியாளர்கள் கண்ணில் பட்டன. 260 படங்களைப் பார்த்தால் ஒருவருக்குப் பழக்கம் படிந்துவிடும் என்று கம்பெனியே கணித்திருந்ததாக அவற்றில் இருந்தது. சில படங்கள் எட்டே விநாடி ஓடுபவை. ஆகவே 35 நிமிடத்துக்குள் ஒரு மனிதன் பழக்கத்துக்கு ஆளாகிவிடலாம் என்று வழக்குத் தொடுத்தவர்கள் கணக்குப் போட்டார்கள். வாடிக்கையாளர் மறுமுறை வர வேண்டுமென்று நாமும் விரும்புகிறோம், அதில் பாவமில்லை. நல்ல சரக்கு, நியாய விலை, இன்முகம் என்று நம் வழிகளும் உண்டு. ஆனால் இத்தனையாவது கவளத்தில் இவன் எழுந்திருக்க மாட்டான் என்று கணக்குப் பார்த்துச் சோறு பரிமாறும் ஓட்டலை நாம் கண்டதில்லை.

இங்கே நியாயமான ஆட்சேபணை ஒன்று எழும். செயல்களுக்கு அடிப்படை எண்ணமல்லவா? சும்மா பார்த்தவனுக்கு யாரையும் கொல்லும் எண்ணம் இருந்ததா? இல்லைதான். அறியாமல் திருட்டுச் சரக்கை வாங்கியவனை நாமும் திருடன் என்று சொல்லமாட்டோம். ஆனால் அறிந்த பின்னும் அதே கடைக்குப் போகிறவனிடம் அந்தச் சாக்கு செல்லாது. நின்று பார்ப்பதே அந்தக் கூட்டத்தை வளர்க்கிறது என்ற விவரம் இப்போது மறைபொருளன்று. 2024 ஜூலைக்குப் பிறகு நம் ஊர்த் தமிழருக்கு அது மறக்கக்கூடியதுமன்று.

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கடினமானது. ஆயிரக்கணக்கானோர் பார்க்கும்போது நான் ஒருவன் விலகினால் என்ன மாறிவிடும்? உண்மையில் ஒன்றும் மாறாமல் போகலாம். வியாபாரிகளாகிய நமக்கு மட்டும் இந்த வாதம் அவ்வளவு எளிதில் செல்லாது. ஒரு கட்டு வெற்றிலை, ஒரு டின் பால், இரண்டு ரொட்டி சானாய் என்று வந்த வெள்ளியில்தான் நம் பெரியவர்கள் கடை வைத்தார்கள், ஊரில் வீடு கட்டினார்கள், பள்ளிவாசலுக்குக் கொடுத்தார்கள். தனியொரு வாடிக்கையாளரின் பத்துக் காசு அற்பம் என்று சொல்லி எந்த முதலாளியும் கல்லாவை மூடியதில்லை. நமக்கு வரவாகும்போது சிறு காசு பெரிது, நம்மிடமிருந்து செலவாகும்போது சிறு காசு ஒன்றுமில்லை என்று சொல்வது என்ன கணக்கு?

அப்படியானால் அங்கே சென்று கண்டிக்கலாமே என்று நல்லெண்ணமுள்ள சிலர் சொல்கிறார்கள். புறம்பேசும் சபையில் இருப்பவன் நாவினால் மறுக்க வேண்டும், அல்லது பேச்சை மாற்ற வேண்டும், முடிந்தால் எழுந்து போக வேண்டும், எதற்கும் வழியில்லாவிட்டால் மனத்தால் வெறுக்க வேண்டும் என்பது இமாம் அவர்கள் காட்டும் முறை. சபையில் நாவினால் மறுப்பது சிறந்தது. பேசுபவன் வெட்கப்பட்டு நிறுத்தக்கூடும். இந்த யந்திரத்திலோ அது தலைகீழாகிறது. கோபத்தோடு எழுதிய கண்டனமும் ஒரு கருத்துரை. கருத்துரை கூடினால் படம் இன்னும் பலரிடம் போகும். பாராட்டையும் பழிப்பையும் அது வேறுபடுத்துவதைவிட இரண்டையும் எண்ணிக் கொள்வதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. நம் வாலிபர்களில் நல்ல பிள்ளைகள் பலர் ஒரு வசைகாரனை எதிர்த்து எழுதி எழுதியே அவனைப் பெரிய ஆளாக்கியிருக்கிறார்கள். ஆகவே இங்கே எழுந்து போவதே முதல் மறுப்பு. படத்தை அழுத்திப் பிடித்து முறையீடு அனுப்பிவிட்டு வெளியே வருவது அதற்கடுத்தது. மிரட்டல் எல்லை மீறினால் அதைப் பதிவு செய்து போலீசுக்குக் கொண்டு போகலாம். வசைக்கு இலக்கானவருக்கு நேரில் ஒரு வார்த்தை சொல்வது இவை அனைத்திலும் மேலானது. மனம் உடைந்து போனவருக்கு உறவும் நட்பும் எட்டாத வேளையில், பெட்டாலிங் ஜெயாவிலிருந்து இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் செவி கொடுக்கிறார்கள். இந்த எண்ணைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தால் குறைந்து விடமாட்டோம்.

இனி பணம் வெளிப்படையாகவே கைமாறும் இடத்துக்கு வருவோம். நேரலை நடத்துபவருக்குப் பார்ப்பவர்கள் பரிசு அனுப்பலாம். காசு கொடுத்து நாணயம் என்ற பெயரில் டோக்கன் வாங்கி, ரோஜா முதல் சிங்கம் வரை படமாக அனுப்புகிறார்கள். ஒரு ரோஜாவுக்கு ஒரு நாணயம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று சில நிமிடப் போட்டி வைப்பார்கள். யாருக்கு அதிகப் பரிசு வருகிறதோ அவர் வென்றவர். பண்போடு நடத்துபவர்களும் இருக்கலாம். ஆனால் எதிராளியைச் சீண்டினால் பரிசு கூடுகிறது என்பதைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. சேவற்கட்டில் சேவல் பந்தயம் கட்டுவதில்லை, சுற்றி நிற்பவன்தான் கட்டுகிறான். சேவலுக்கு மட்டும் இரத்தம்.

இந்தப் பரிசில் கம்பெனிக்கும் பங்குண்டு. அந்தப் பங்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2022 அக்டோபரில் பிபிசி வெளியிட்டது. சிரியாவில் போரினால் வீடிழந்து முகாமில் கிடக்கும் குடும்பங்கள், குழந்தைகளை முன்னிறுத்தி, மணிக்கணக்கில் நேரலையில் கையேந்தின. பார்த்து மனம் இரங்கியவர்கள் பரிசு அனுப்பினார்கள். அதில் 70 விழுக்காடு வரை டிக்டோக் எடுத்துக் கொண்டதாக பிபிசி கண்டது. தன் பங்கு அதற்குக் குறைவுதான் என்றது கம்பெனி. எவ்வளவு என்று சொல்லவில்லை. நூறு வெள்ளி ஸதகா கொடுத்தால் எழுபது வெள்ளி வழியில் நின்றுவிடும் உண்டியலை எந்தப் பள்ளிவாசலிலாவது வைக்க விடுவோமா? இரக்கப்பட்டு அனுப்பியவர்கள் குற்றவாளிகள் என்று நாம் சொல்லவில்லை. நம் இரக்கமும் நம் குரூரமும் ஒரே உண்டியலில் விழுந்து, ஒரே கை அதிலிருந்து எடுக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

தடை செய்துவிட்டால் தீராதா என்று கேட்பார்கள். தமிழகம் இதைப் பார்த்துவிட்டது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இச்செயலியைப் பதிவிறக்குவதைத் தடுக்கும்படி உத்தரவிட்டது. மூன்று வாரம் கழித்து, 24-ஆம் தேதி, அதே நீதிமன்றம் தடையை விலக்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு, எல்லையில் சீனாவுடன் மூண்ட தகராறையொட்டி, டிக்டோக் உள்பட 59 செயலிகளை ஒரே ஆணையில் தடை செய்தது. பத்து நாள் கழியுமுன் இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இந்தியாவில் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. இன்று தமிழ்நாட்டில் நம் மச்சான்மார் பார்ப்பதெல்லாம் அவைதாம். கடையின் பெயர்ப் பலகை மாறிற்று, கடைத்தெரு மாறவில்லை. பிள்ளைகள் விஷயம் வேறு. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் இத்தகைய ஊடகங்களில் கணக்கு வைப்பதைத் தடுத்துவிட்டது. நம் அரசும் அத்தகைய திட்டத்தை 2025-இல் அறிவித்தது. தராசின் தன்மை அறியாத வயதில் பேரம் பேச விடாமலிருப்பது நியாயமே. ஆனால் நாற்பது வயது மனிதரை எந்தச் சட்டம் காவல் காக்கும்?

கடைசியாக, சொந்தக் கடை விஷயம். 2022 முதல் டிக்டோக் ஷாப் நம் நாட்டில் நடக்கிறது. துணி, அத்தர், பேரீச்சம்பழம், மசாலைத் தூள் என்று நம்மவர் பலரும் அதில் விற்கிறார்கள். விற்கக் கூடாது என்று சொல்லும் எண்ணம் நமக்கில்லை. இந்தோனேசியாவில் ஜகார்த்தாவின் தானா அபாங் சந்தைத் துணி வியாபாரிகள் இதனால் தங்கள் பிழைப்பு போயிற்றென்று முறையிட்டதும், அந்நாட்டு அரசு விதியைக் கடுமையாக்க, 2023 அக்டோபரில் அங்கே டிக்டோக் ஷாப் மூடப்பட்டதும், டோக்கோபீடியா கம்பெனியில் பெரும்பங்கை வாங்கிக் கொண்டு அது டிசம்பரிலேயே திரும்பி வந்ததும் பலர் அறிந்த கதை. இந்தச் சந்தை இருக்கத்தான் போகிறது. அதில் நாம் எப்படி உட்காருவது என்பதுதான் மிச்சம்.

நேரலையில் விற்க ஒரு பெண்ணையோ பையனையோ அமர்த்துகிறோம். விற்பனைக்கேற்பக் கமிஷன் என்று பேசுகிறோம். முதல் வாரம் கூட்டம் வரவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள் பக்கத்துக் கடைக்காரரைப் பற்றிப் பேச்சு வாக்கில் ஏதோ கேலி செய்கிறார். திடீரென்று ஐந்நூறு பேர். மூன்றாவது வாரம் கேலி வசையாகிறது. இருப்பில் இருந்த துணி முழுவதும் தீர்ந்துவிடுகிறது. இரவு கணக்கு முடிக்கும்போது முதலாளி தொகையைப் பார்த்து மகிழ்ந்து, எப்படி விற்றாய் என்று கேட்காமல் போனால், அவர் அந்த ஐந்நூறு பேரில் ஒருவரல்லர். அவர்கள் கொடுத்தது பத்து விநாடி. இவர் கையில் வந்தது லாபம். ஆளை வேலைக்கு வைக்கும் அன்றே மூன்று விஷயம் சொல்லி வைக்கலாம்: எவர் பெயரையும் எடுத்துப் பேசக் கூடாது, பார்ப்பவர் எழுதும் வசையை வாய்விட்டு வாசிக்கக் கூடாது, அப்படி வாயைக் கட்டியதால் அன்று விற்பனை குறைந்தால், அந்தக் குறைவு கடையின் கணக்கில் எழுதப்படும், அவருடைய கமிஷனில் கழிக்கப்படாது. மூன்றாவதைச் சொல்லாமல் முதலிரண்டை மட்டும் சொல்லும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு உழைக்கும் பிள்ளை எதைக் கேட்டு நடக்கும் என்று அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.